'ஜீன்ஸ்' அனுப்பியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
சினிமா ரசிகன் (நிரந்தரம்),
திண்டுக்கல்.

பெறுநர்:
ஆஸ்கர் தேர்வுக் குழுவினர்,
பிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா,
மும்பை.

பொருள்: தேர்வுக் குழுவில் ஓர் இடம் கோருதல் தொடர்பாக.
பார்வை: தாங்கள் 1998இல் ஆஸ்கருக்கு அனுப்பிய 'ஜீன்ஸ்'.

மதிப்பிற்குரிய ஐயாமார்களே,

'அம்மா' என்றும் சேர்த்து எழுதத்தான் கை போனது. 2024ஆம் ஆண்டுக் குழுவில் இருந்த 13 பேரும் ஆண்கள் என்று பத்திரிகையில் படித்த ஞாபகம் வந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

வருடா வருடம் இந்தியாவின் சார்பில் ஒரே ஒரு படத்தைப் பொறுக்கி அமெரிக்காவுக்கு அனுப்புகிற பெரும் பொறுப்பு உங்களுடையது. இதுவரை இறுதிப் பரிந்துரை வரை போனவை 1957இன் 'மதர் இந்தியா', 1988இன் 'சலாம் பாம்பே', 2001இன் 'லகான்' ஆகிய மூன்றுதான். மூன்றும் வெறுங்கையோடு திரும்பின. அதற்காக உங்களைத் திட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. பரிசு கொடுப்பது அவர்கள் இஷ்டம், அனுப்புவது நம் இஷ்டம். அந்த நம் இஷ்டம் என்பது என்ன என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நன்றி. 'ஜீன்ஸ்' படத்தை அனுப்பியதற்காக. கேலி செய்கிறான் என்று நினைக்க வேண்டாம். பிரசாந்த் இரண்டு, நாசர் இரண்டு. ஐஸ்வர்யா ராய் உண்மையில் ஒன்று, பொய்க்கு இன்னொன்று. மூளையில் கட்டியென்று லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்த பாட்டிக்கு டாக்டர் இந்தப் பக்கத்துக்குப் பதில் அந்தப் பக்கத்தில் ஆபரேஷன் செய்துவிடுகிறார். அதே பாட்டி கொஞ்ச நாளில் எழுந்து வந்து, பேத்திக்கு இல்லாத ஒரு தங்கையை உண்டாக்கி, சம்பந்தி வீட்டை ஏமாற்றுகிறார். நடுவில் ஒரு பாட்டுக்காகப் பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், தாஜ்மகால் என்று உலகத்தைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம். இரட்டையருக்கு விஸ்வநாதன், ராமமூர்த்தி என்று பேர் வைத்த குறும்புக்கே தனி விருது தரலாம். இவ்வளவையும் ஒரே டிக்கெட்டில் பார்த்த எனக்கு அன்று ஒரு குறையும் இல்லை. ஆஸ்கர் குழுவில் அதைப் பார்த்த பெரியவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க மட்டும் இன்றுவரை ஆசையாக இருக்கிறது.

இப்போது நன்றியிலிருந்து சந்தேகத்துக்கு வருகிறேன். 2024இல் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' கான் திரைப்பட விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கி வந்தது. அதை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் பார்ப்பதுபோல் குழுவுக்கு இருந்தது என்று ஃபெடரேஷன் தலைவர் காரணம் சொன்னார். நானும் பார்த்தேன், ஐரோப்பாவைத் தேடினேன். மும்பை மழை இருந்தது, லோக்கல் ரயில் நெரிசல் இருந்தது, மலையாளம் பேசும் இரண்டு நர்சுகள் இருந்தார்கள். கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். ஜெர்மனிக்குப் போய்ப் பேச்சு மூச்சே இல்லாமல் போன புருஷனிடமிருந்து ஒரு நாள் ரைஸ் குக்கர் ஒன்று பார்சலில் வருகிறதே, அதுதான். ராத்திரியில் அந்தப் பெண் சமையலறைத் தரையில் உட்கார்ந்து குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிற காட்சி நம் ஊர்ப் படங்களில் நான் பார்த்த மிகத் தனிமையான காட்சிகளில் ஒன்று. ஒரு வசனம் கிடையாது. ஆனால் குக்கர் ஜெர்மன் தயாரிப்பு. அந்த வகையில் தலைவர் சொன்னது சரிதான்.

ஆக, லாஸ் ஏஞ்சலிஸில் ஓடுகிற ஐஸ்வர்யா ராய் இந்தியா, மும்பையில் சோறு வடிக்கிற நர்சு ஐரோப்பா. இந்த அளவுகோலை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று தெரிந்தால் நானும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் நீங்கள் அனுப்பிய 'லாபதா லேடீஸ்' நல்ல படம், சந்தேகமில்லை. முக்காட்டில் முகம் தெரியாமல் ரயிலில் மணப்பெண் மாறிப்போகிற கதையை கிரண் ராவ் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தார். படத்தைவிட உங்கள் தேர்வுக் குறிப்புதான் எனக்கு அதிகச் சிரிப்பைத் தந்தது. இந்தியப் பெண்கள் பணிவும் ஆதிக்கமும் விசித்திரமாகக் கலந்தவர்கள் என்று அதன் முதல் வரியே ஆரம்பித்தது. பதின்மூன்று ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது. படத்தில் வரும் எந்த மாமனாராவது பேசியிருக்க வேண்டிய வசனம் அது, தப்பி உங்கள் கைக்கு வந்துவிட்டது.

தமிழுக்கு நீங்கள் ஓரவஞ்சனை செய்தீர்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். 1969இல் 'தெய்வமகன்' போனது. தமிழிலிருந்து போன முதல் படம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் மூன்று சிவாஜியை ஒரே அறையில் நிறுத்தி, மூவரும் மூன்று ஆளாகத் தெரிய வைத்த படம். அப்பா சிவாஜியின் நடையைக் கடைசி மகன் நடக்க மாட்டார், கவனித்துப் பாருங்கள். கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகத்தழும்போடு பெற்றவர் முன் நிற்கிற மகனுக்கு அடக்கி நடி என்று யார் சொல்வது?

பிறகு 1987இல் 'நாயகன்'. 'காட்ஃபாதர்' சாயல் என்று மூக்கைச் சுருக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: காட்ஃபாதருக்குத் தாராவி கிடையாது. 2005இல் 'டைம்' பத்திரிகை நூறு சிறந்த படங்கள் என்று போட்ட பட்டியலில் இதையும் சேர்த்தபோது நாங்கள் டீக்கடையில் அடைந்த கர்வத்துக்கு அளவில்லை. 'அஞ்சலி'யில் குழந்தைகள் பேசும் பேச்சு எனக்கு அன்றும் ஒத்துவரவில்லை, இன்றும் ஒத்துவரவில்லை. ஷாமிலி வந்து நின்றதும் அதையெல்லாம் மறந்தேன் என்பது வேறு. 'தேவர் மகன்' திரைக்கதையைச் சினிமா படிக்கிறவர்கள் இன்னும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அரிவாளைக் கீழே போடுங்கள் என்று படம் சொன்னது. ஊர்த் திருவிழா மைக்செட்காரர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் படத்தின் மீதும் கொஞ்சம் பொறுப்பு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

1995தான் எனக்கு இன்னும் புரியாத வருடம். 'குருதிப்புனல்' அனுப்பினீர்கள். பாட்டே கிடையாது, பி.சி. ஸ்ரீராம் இயக்கம், பத்ரியாக வந்த நாசர் கமலுக்கு எதிரே உட்கார்ந்து பேசப் பேச நமக்கு வியர்க்கும். அருமையான படம். ஆனால் அது அதற்கு முந்தைய வருடம் கோவிந்த் நிஹலானி எடுத்த 'துரோக்கால்' இந்திப் படத்தின் மறுஆக்கம். மூலப்படம் வீட்டிலேயே இருக்க, மறுஆக்கத்தை அனுப்புவது, மாப்பிள்ளை வீட்டார் வரும்போது பக்கத்து வீட்டு நகையை இரவல் வாங்கிப் போட்டு நிற்பது மாதிரி. அடுத்த வருடமே 'இந்தியன்'. தாலுகா ஆபீசில் வாங்குகிற லஞ்சத்துக்கு வர்மக்கலையில் தண்டனை என்றால் எங்கள் ஊரில் விசில் பறக்கும். தாலுகா ஆபீஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் அந்த விசில் எப்படி வரும்? நடுவில் ஆஸ்திரேலியாவில் டூயட் வேறு.

2000இல் 'ஹே ராம்'. இதற்காக உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து போனார்கள், மீதிப் பேர் என்னைப்போல் புரிந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். வேறொருவர் மெட்டுக்குப் படமாக்கி முடித்த பாடல் காட்சிகளின் வாயசைவுக்கே பொருந்தும்படி இளையராஜா புதிதாக மெட்டுப் போட்டார் என்கிற கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னொரு தடவை எழுந்து நின்று கும்பிடத் தோன்றும்.

இதையெல்லாம் செய்த நீங்கள் 2003இல் என்ன செய்தீர்கள்? ஒன்றும் அனுப்பவில்லை. இத்தனை மொழி, இத்தனை படம், ஒன்றுகூட இல்லை. அந்தப் பொங்கலுக்குத்தான் 'அன்பே சிவம்' வந்தது. தழும்பு முகமும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக நல்லசிவம் புவனேஸ்வர் ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்க, வெளியே மழை கொட்ட, பக்கத்தில் கார்ப்பரேட் மாதவன் எரிச்சலோடு நெளிய ஆரம்பிக்கும் படம். தியேட்டரில் ஓடவில்லை. அப்புறம் டிவியில் போட்டுப் போட்டு எல்லாரும் அதன் ரசிகர்கள் ஆனோம். குறை இல்லாமல் இல்லை: கம்யூனிசத்தை வகுப்பெடுப்பதுபோல் பேசும் இடங்களில் நான் டீ குடிக்கப் போய்விடுவேன். சுந்தர்.சி. இயக்கம் என்பதைப் பல பேர் இன்றும் நம்புவதில்லை. ஆனால் 'ஜீன்ஸ்' போன வண்டியில் இதற்கு ஒரு சீட் இல்லையா, ஐயாமார்களே?

அண்மையில் திருந்தியிருக்கிறீர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். 'விசாரணை'யை 2016இல் அனுப்பியது சரி. குண்டூர் போலீஸ் ஸ்டேஷனில் அடிவாங்கிய மு. சந்திரகுமார் கோவையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டே எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து பிறந்த படம். இன்னொரு தரம் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை என்பதையே பாராட்டாக எடுத்துக்கொள்ளவும். 2021இல் வினோத்ராஜின் 'கூழாங்கல்': ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம், ஒண்ணேகால் மணி நேரம், ஒரு அப்பன், ஒரு பையன், வெயில். எங்கள் பக்கத்து வெயிலை அப்படியே கேமராவில் பிடித்து வைத்த வேறு படம் எனக்குத் தெரியாது.

அதே வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் 2024இல் உங்கள் முன் வந்த 29 படங்களில் ஒன்று. தொண்டைக்கட்டுக்குக் கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் ஊரையே அதட்டும் சூரி. ஷேர் ஆட்டோவில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அன்னா பென். வழியில் ஒரு மாடு குறுக்கே நிற்கிறது, அத்தனை ஆம்பிளைகளும் தயங்குகிறார்கள், ஒரு சின்னப் பெண் வந்து அதைக் கூட்டிப் போகிறாள். அந்த ஒரு காட்சிக்குள் முழுப் படமும் இருக்கிறது. முடிவு இல்லாமல் முடித்துவிட்டார்கள் என்று எங்கள் ஊர்த் தியேட்டரில் ஸ்கிரீனைப் பார்த்துத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. ஆனால் பின்னணி இசையே இல்லாததால் எனக்குப் பின் வரிசையில் முறுக்கு கடித்தவர் படத்துக்கு இசையமைத்துவிட்டார், அதை மன்னிக்க முடியவில்லை.

இதற்கிடையில் 2023 மார்ச்சில் 'நாட்டு நாட்டு' பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. முதுமலை தெப்பக்காடு முகாமில் யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் தமிழ் பேசிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படப் பிரிவில் ஜெயித்தது. இரண்டுக்கும் உங்கள் கையெழுத்து தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் யானை ஆப்பிரிக்கப் படம் பார்ப்பதுபோல் இருந்தது என்று ஒரு குறிப்பு வந்திருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

ஆகவே என் விண்ணப்பம்: குழுவில் ஓர் இடம். தகுதிகள்: இடைவேளைக்குப் பிறகும் உட்கார்ந்திருப்பேன். போன் பார்க்க மாட்டேன். வெள்ளைக்காரனுக்கு எது பிடிக்கும் என்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது, யோசிக்கவும் மாட்டேன். எந்தப் படத்துக்கும் பெண்களின் குணத்தை விளக்கும் முன்னுரை எழுத மாட்டேன். பயணப்படி வேண்டாம், அரசுப் பேருந்து டிக்கெட்டைக் காட்டினால் அந்தக் காசைக் கொடுத்தால் போதும்.

இடம் இல்லை என்றாலும் பாதகமில்லை, வேறு வழி பார்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் 'லாபதா லேடீஸ்' அனுப்பிய அதே வருடம், சந்தியா சூரி இயக்கிய 'சந்தோஷ்' என்ற இந்திப் படத்தைப் பிரிட்டன் தன் படமாக அனுப்பியது. வட இந்தியாவில் ஒரு விதவைப் பெண் கான்ஸ்டபிள் ஆகிற கதை. அது கடைசி 15 படங்களின் பட்டியலுக்குள் நுழைந்தது, நம் படம் நுழையவில்லை. தணிக்கையில் வெட்டு கேட்டதால் நம் ஊர்த் தியேட்டரில் அது வரவும் இல்லை. எனவே அபிப்பிராயம் சொல்ல எனக்கு வழியில்லை. இந்தியப் படத்தை ஐரோப்பியப் படம் என்று நீங்கள் தள்ளிவிட, பிரிட்டன்காரர்கள் இந்திப் படத்தைத் தங்கள் படம் என்று எடுத்துக்கொள்ள, கணக்கு நேராகிறது. அவர்கள் குழுவில் காலியிடம் இருக்கலாம்.

தக்க பதில் எதிர்பார்த்து,

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சினிமா ரசிகன்.

நகல்: பாஃப்டா, லண்டன் (தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்).