ஆராதனைக்கு ஆர்.வி.யில் போவது எப்படி?

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் 1978-லிருந்து தியாகராஜ ஆராதனை நடக்கிறது. ஈஸ்டரை ஒட்டி, பத்து நாளுக்கு மேல். விவரம் தெரிந்தவர்கள் விமானத்தில் வந்து, ஓட்டலில் தங்கி, கச்சேரி கேட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. ஓட்டல் வாடகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, “சமையல்கட்டோடயே போயிட்டா என்ன?” என்று இரவு பதினொரு மணிக்கு மனைவியைக் கேட்கிறவர். உங்களுக்காகத்தான் இது.

முதலில் வண்டி. ஆர்.வி. என்பது சக்கரம் வைத்த ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். இருபத்தெட்டு அடி நீளத்தில் எடுங்கள். மாமியார் வந்தால் அதுவும் போதாது. நியூ ஜெர்சியிலிருந்து கிளீவ்லாந்து சுமார் 450 மைல். வண்டி ஒரு கேலனுக்கு எட்டு மைல் கொடுக்கும், இறக்கத்தில் பத்து. போக வர நூறு கேலனுக்குக் குறையாது. இந்தக் கணக்கை இப்போதே மனைவியிடம் சொல்ல வேண்டாம். பென்சில்வேனியா பாதி தாண்டியதும் அவரே கேட்பார்.

உயரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். பன்னிரண்டு அடி. நம்மூர்க்காரர் ஜிபிஎஸ் சொல்கிறபடியெல்லாம் திரும்புகிறவர். ஜிபிஎஸ்ஸோ உங்களைக் கொரோலாவில் போகிறவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். தாழ்ந்த பாலத்துக்கு சங்கீத ஞானம் கிடையாது.

சாமான்கள் விஷயத்தில் கடைக்காரர் பெரிய பட்டியல் நீட்டுவார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, தண்ணீர் அழுத்தம் குறைக்கும் பித்தளைத் திருகு, குடிதண்ணீருக்குத் தனி வெள்ளை ஹோஸ், வண்டியைச் சமமாக நிறுத்தப் பலகைகள். எல்லாமே தேவைதான். ஆனால் வண்டியில் இடம் இருக்காது. அங்கே ஏற்கெனவே இட்லி குக்கர், பத்து கிலோ பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், இரண்டு தூக்கு மாவு எல்லாம் ஏறியிருக்கும். மாவைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலைக் குலுக்கலில், ஹீட்டர் சூட்டில், அது வீட்டில் எட்டு மணி நேரத்தில் பொங்குவதை நாலு மணி நேரத்தில் பொங்கிக் காட்டும். எங்கள் மாவு அலமாரிக் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்தது.

மின்சாரம் எளிது. முகாமில் ஒரு கம்பம் இருக்கும். அதில் முப்பது ஆம்ப் பிளக்கைச் சொருக வேண்டும். 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஹீட்டருக்கு 1,500, மைக்ரோவேவுக்கு 1,500, ரைஸ் குக்கருக்கு ஒரு ஆயிரம். நான் கூட்டிப் பார்க்கவில்லை, பிரேக்கர் பார்த்தது. ஆகவே குளிருக்கு அடக்கமா, சாதமா, போன வாரக் குழம்பைச் சூடு பண்ணுவதா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கடுகு தாளிப்பதும் வெளியேதான். உள்ளே தாளித்தால் புகை அலாரம் அடிக்கும். அது தலைக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில், எந்த ஸ்ருதியிலும் சேராமல் அடிக்கும்.

ஜெனரேட்டருக்கும் ஒரு குணம் உண்டு. எங்களுடையது ஒன்றரைக் கட்டையில் இம்மென்று நின்றது. மாமியாருக்கு ஐந்தரைக் கட்டை. வழியில் வண்டியை ஓரங்கட்டி, பஞ்சரத்தினம் ஒத்திகை பார்த்தபோது, இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஜெனரேட்டரை அணைத்தேன்.

ஏப்ரல்தானே, வசந்தம்தானே என்று நினைக்காதீர்கள். ஈரி ஏரிக் காற்று காலண்டர் பார்ப்பதில்லை. ராத்திரி ஹோஸைக் குழாயிலேயே மாட்டிவிட்டுத் தூங்கினேன். விடியற்காலையில் உள்ளேயிருந்து குரல்: “மாப்பிள்ளை, தண்ணி நின்னு போச்சே.” வெளியே போய்ப் பார்த்தால் ஹோஸ் முருங்கைக்காய் மாதிரி விறைத்துக் கிடந்தது. சாயங்காலமே உள்தொட்டியை நிரப்பிக்கொண்டு, ஹோஸைக் கழற்றிச் சுருட்டி வைக்க வேண்டுமாம். இதைப் பக்கத்து வண்டிக்காரர், காபிக் கோப்பையோடு, நான் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இருபது நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்.

இனி இந்தக் கலையின் உச்சத்துக்கு வருவோம். வண்டிக்கடியில் இரண்டு தொட்டிகள். குளித்த, கழுவிய தண்ணீர் போவது கிரே டேங்க். மற்றது பிளாக் டேங்க். அதைக் காலி செய்வது குடும்பத் தலைவரின் கடமை என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை. ஆனால் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். கையுறை மாட்டி, கழிவுநீர் ஹோஸின் ஒரு நுனியை வண்டியிலும் மறு நுனியை நிலத்துக் குழியிலும் இறுக்கி, முதலில் பிளாக் டேங்கின் கைப்பிடியை இழுங்கள். அது ஓய்ந்தபிறகு கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து ஹோஸை அலம்பிவிடும். பஞ்சரத்தினத்தில் நாட்டைக்கு முன்னால் ஸ்ரீ ராகத்தைப் பாடுவோமா? அதே மாதிரிதான் இதுவும். இன்னொன்று: குழாய் மாட்டித்தானே இருக்கிறது என்று பிளாக் டேங்கைத் திறந்தே போட்டுவைக்காதீர்கள். நீர் ஓடிவிடும், மற்றது உள்ளே மேடு கட்டும். அந்த மேட்டை இளக்குவது பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும், திடமான வாசகர்களும் வேண்டும்.

கடைசியாக, இத்தனையும் செய்து முடித்து, பட்டு வேட்டி கட்டி, வண்டியைக் கிளப்பி ஆராதனை நடக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனால், பார்க்கிங் கட்டிடத்தின் வாசலில் உயரத்தைக் காட்டும் கம்பி தொங்கும். உங்கள் வண்டி அதைவிட ஒரு ஆள் உயரம். எனவே எடுத்துப்போக வேண்டிய சாமான்களில் முக்கியமானது: இன்னொரு வாடகைக் கார். அதையும் ஓட்டல் வாடகையையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட வேண்டாம். நான் போட்டேன். தூக்கம் வரவில்லை.

நாங்கள் வாடகைக் காரில் போய் இறங்கியபோது மேடையில் நாட்டை முடிந்திருந்தது. கௌளை, ஆரபி, வராளி. ஸ்ரீ ராகம் வந்ததும் மேடையில் இருந்தவர்களும் அரங்கில் இருந்தவர்களும் ஒரே குரலாக எழும்பினார்கள். மாமியார் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, ஐந்தரைக் கட்டையை மறந்து, கூட்டத்தின் ஸ்ருதியிலேயே பாடினார். என் கண்கள் கலங்கின. பக்கத்திலிருந்த பெரியவர் என் முழங்கையைத் தொட்டு, “உருக்கிட்டார் இல்ல?” என்றார்.

தலையாட்டினேன். பிளாக் டேங்கின் கைப்பிடியை உள்ளே தள்ளி மூடினேனா என்பதுதான் ஞாபகம் வரவில்லை.