பெட்டி மாற்றியல்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பாகூருக்கும் தாமிரத்துக்கும் உறவு பழையது. நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இவ்வூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்த சேதியைச் செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருஷம் கழித்துத் தாமிரம் மறுபடி ஊருக்குள் வந்தது, இம்முறை டெலிபோன் கம்பியாக. செப்பேட்டை இன்றும் வாசிக்க முடிகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு டெலிபோன் கம்பியில் இரைச்சலைத் தவிர எதையும் கேட்க முடிந்ததில்லை. இப்போது வந்திருப்பது கண்ணாடி. மொத்தத் தடிமன் 125 மைக்ரான். அதற்குள் ஒளி ஓடும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். அந்தக் கண்ணாடி இழை மின்கம்பம் மின்கம்பமாகத் தாவி, ஜன்னல் கட்டையில் போட்ட துளை வழியாக நுழைந்து, டிவிக்கு மேலே மாத நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியில் போய் முடிகிறது. அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சொந்தக் காசில் வாங்கிய பெட்டியை மாட்டத் துடிக்கும் மனித வேட்கையே இவ்வாய்வின் பொருள்.

முதலில் ஆய்வெல்லை. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் கொம்யூன் பஞ்சாயத்துகள் 10. அவற்றில் வில்லியனூரையும் பாகூரையும் எடுத்துக்கொண்டதற்கு ஊசுடு ஏரியோ பாகூர் ஏரியோ காரணமல்ல. நகரத்து அடுக்குமாடியில் ஒரு நிறுவனம் சரிப்படவில்லை என்றால் மாலைக்குள் இன்னொன்று வந்து கதவைத் தட்டும். கொம்யூனில் அப்படியில்லை. அங்கே இணையம் என்பது ஒரு நிறுவனம் அல்ல, ஓர் ஆள். பைக்கில் வருவார். முன்பு கேபிள் டிவி கொடுத்தவர், இப்போது ஃபைபர் கொடுக்கிறார். ரசீதில் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும் ஊருக்கு அவர் ‘கேபிள்காரர்’தான். தமிழ்நாட்டு ஊர்கள் குறுக்கே வந்து துண்டுதுண்டாகக் கிடக்கும் மாவட்டம் இது. தொலைத்தொடர்பு உரிமக் கணக்கிலோ தமிழ்நாட்டு வட்டத்துக்குள் அடக்கம். எனவே மாநில எல்லையைக் கண்ணாடி இழை மதிப்பதில்லை. அது மதிப்பது ஒன்றைத்தான். அதைப் பின்னால் காண்போம்.

ஆய்வுப் பொருளின் உறுப்பிலக்கணம் இது. பெட்டிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வயர், அதன் நுனியில் பச்சைத் தலை. பச்சை என்பது அலங்காரத்துக்கு அல்ல. இழையின் முகத்தை 8 டிகிரி சாய்த்துச் சீவியிருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம் அது. நேராகச் சீவிய நீலத் தலையைப் பச்சைத் துளையில் செருகினால் ஒளி பாதி வழியிலேயே தகராறு செய்யும். முன்பக்கம் விளக்குகள்: பவர், பான், லாஸ், லேன், வைஃபை. இவற்றுள் லாஸ் மட்டும் சிவப்பு: அது எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். வீட்டுப் பெரியவர்களுக்கு மற்ற விளக்குகளின் பெயர் தெரியாது. “சிவப்பு லைட்டு எரியுது” என்ற ஒரே வாக்கியத்தில் அவர்கள் சொல்லும் நோய்க்குறி எந்தப் பொறியாளரின் அறிக்கைக்கும் குறைந்ததல்ல. அடிப்பக்கத்தில் ஒரு ஒட்டுத்தாள். அதில் 12 எழுத்தில் ஒரு வரிசை எண்: முதல் நான்கு எழுத்து செய்தவர் யார் என்று சொல்லும், மிச்சம் எட்டும் அந்தப் பெட்டிக்கே உரியவை.

வேட்கைக்கான காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலவசமாகவோ வாடகைக்கோ வந்த பெட்டியின் வைஃபை, கூடத்தைத் தாண்டி அடுத்த அறைக்குப் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. மோட்டார் கொட்டகைக் கேமராவுக்கு எட்டவே எட்டாது. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பாதிப் பொத்தான்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கும் மேலே ஒரு பயம்: டி.ஆர்-069 என்ற ஏற்பாட்டின்படி நிறுவனம் தன் அலுவலகத்தில் இருந்தபடியே வீட்டுப் பெட்டிக்குள் கைவிட முடியும். பழுது பார்க்கத்தான். ஆனால் கதவு என்று ஒன்று இருந்தால் திருடனுக்கும் தெரிந்துவிடும். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாமின் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு தடுமாறியது. மிராய் என்ற தீநிரல் தொலைபராமரிப்புக் கதவைத் தட்டிப் பார்த்ததன் விளைவு அது.

இனி மூலப் பாடம். இரு கொம்யூன்களிலும் சிற்சில பாடபேதங்களோடு வழங்கிவரும் உரையாடல் வருமாறு:

“அண்ணே, நானே ஒரு ரூட்டர் வாங்கிட்டேன். மாட்டிக்கலாமா?”

“மாட்டிக்க தம்பி. ஆனா நெட்டு வராது.”

இவ்வாய்வின் பெரும்பகுதி இந்த ஈரடிக்கு உரை எழுதுவதுதான்.

கேபிள்காரர் சொன்னதில் பொய்யில்லை. ஊர்ப்பக்கம் பரவலாக இருப்பது ஜிபான் முறை. நிலையத்தில் ஓஎல்டி என்று ஒரு பெரிய பெட்டி. அதிலிருந்து புறப்படும் ஒற்றை இழை வழியில் மின்சாரமே இல்லாத ஒரு பிரிப்பானில் 32 ஆகவோ 64 ஆகவோ கிளை பிரிகிறது. கீழ்நோக்கி வரும் ஒளி 1490 நானோமீட்டர், நொடிக்கு 2.5 கிகாபிட், மேல்நோக்கிப் போவது 1310 நானோமீட்டர், அதில் பாதி வேகம். கீழே வரும்போது எல்லோருடைய சரக்கும் எல்லோர் வீட்டுக்கும் வரும், ஆனால் பூட்டுப் போட்டு வரும். மேலே போகும்போதுதான் சிக்கல். அத்தனை வீடும் ஒரே இழையில் பேச வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இருவர் பேச்சும் கெடும். ஆகவே ஓஎல்டி ஒவ்வொரு வீடும் எவ்வளவு தூரம் என்று ஒளியாலேயே அளந்து, ‘நீ இத்தனை மைக்ரோ நொடி பொறுத்துப் பேசு’ என்று முறை வைத்துக் கொடுக்கிறது. கண்ணாடியில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 20 கிலோமீட்டரைக் கடக்க 100 மைக்ரோ நொடி. பக்கத்துத் தெருவுக்கும் கடைசிக் குப்பத்துக்கும் உள்ள தூர வித்தியாசத்தை இவ்வளவு அக்கறையோடு கணக்கில் எடுத்துக்கொண்ட வேறு நிர்வாகம் இந்தக் கொம்யூன்களுக்கு வாய்த்ததில்லை.

உலா பாடிய புலவர்கள் பெண்டிருக்குப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவம் வகுத்தார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஜி.984 என்ற தன் இலக்கண நூலில், வீட்டுப் பெட்டிக்கு ஏழு நிலை வகுத்திருக்கிறது. முதல் நிலையில் பெட்டிக்கு ஒளியே தெரியாது. இரண்டில் கேட்கத் தொடங்கும். மூன்றில் ‘யாரது?’ என்று நிலையம் கேட்க, பெட்டி தன் வரிசை எண்ணைச் சொல்லும். நான்கில் தூர அளவை. ஐந்தாவதே வாழ்வு: நெட் ஓடும். ஆறாவது, ஒளி நடுவில் அறுந்து தவிக்கும் நிலை. ஏழாவது நிலையத்தின் ஆணைப்படி வாய் பொத்திக் கிடப்பது. கடையில் வாங்கி வந்த பெட்டி மூன்றாவதில் சிக்கிக்கொள்கிறது. அது தன் எண்ணைச் சொல்கிறது. நிலையத்தின் பட்டியலில் அந்த எண் இல்லை. மாநில எல்லையை மதிக்காத இழை மதிப்பது இந்தப் பட்டியல் ஒன்றைத்தான். சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது, பச்சை விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்தத் திரிசங்கு நிலைக்கு அரசியல் முன்னுதாரணம் வில்லியனூர்க் கொம்யூனிலேயே இருக்கிறது. கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாமென்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து மாறியது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்று. நடுவில் ஏறக்குறைய எட்டு வருஷம். பெட்டி மாற்றத்திலும் இதே இரண்டு கட்டம்தான். ஸ்க்ரூ டிரைவரோடு நாற்காலி மேல் ஏறிப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது நடைமுறை மாற்றம். அரைமணி நேர வேலை. ஓஎல்டியின் பட்டியலில் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதுவது சட்டப்படி மாற்றம். அது இரண்டு நிமிட வேலை, ஆனால் அந்த இரண்டு நிமிடம் யாருடைய லேப்டாப்பில் இருக்கிறதோ அவர் போனை எடுக்க வேண்டும். முதல் மாற்றம் நடந்ததுமே விடுதலை வந்துவிட்டதாக நம்பி, காலைக்குள் பழைய பெட்டியை மீண்டும் மாட்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கேபிள்காரர் போனை எடுக்கவே மாட்டார் என்றால் குறுக்கு வழி ஒன்று பேசப்படுகிறது: பழைய பெட்டியின் எண்ணையே புதுப் பெட்டிக்குச் சூட்டிவிடுவது. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் பிடித்து இழுத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் கையில் தொடர்கிறது. வடத்துக்குப் பதவிதான் தெரியும், ஆள் தெரியாது. ஓஎல்டியும் அப்படித்தான் என்பது குறுக்கு வழிக்காரர்களின் வாதம். வாதம் பாதிதான் சரி. எண்ணோடு ரகசியச் சொல்லும் கேட்கும் நிலையங்கள் இருக்கின்றன. நிறுவனத்தின் நிபந்தனைகள் இதை ஏற்பதும் இல்லை. பழைய பெட்டியை யாராவது தெரியாமல் எங்காவது மாட்டிவிட்டால் ஒரே பதவிக்கு இரண்டு ஆளுநர்.

நேர்வழியில் போகிறவர்களிடையே மூன்று மதங்கள். துவைதிகள் பழைய பெட்டியை அப்படியே விட்டு, அதன் லேன் துளையில் தங்கள் ரூட்டரைச் செருகிக்கொள்வார்கள். பெட்டி வேறு, ரூட்டர் வேறு, இரண்டும் நிரந்தரம். முகவரி இரண்டு முறை மாற்றப்படுவதால் சில விளையாட்டுகளும் கேமராக்களும் முரண்டு பிடிக்கும். மற்றபடி யாரையும் கேட்க வேண்டாம். விசிஷ்டாத்துவைதிகள் பழைய பெட்டியைப் ‘பிரிட்ஜ்’ நிலைக்கு மாற்றச் சொல்வார்கள். அது வெறும் உடலாகிவிடும்; பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே நுழையும் வேலையைச் சொந்த ரூட்டர் செய்யும். இதற்கு நிறுவனம் தன் இணைப்புக்கு வைத்திருக்கும் விலான் எண் வேண்டும், 1500 பைட் பொட்டலத்தை 1492 ஆகச் சுருக்க வேண்டும். இதில் எதை மறந்தாலும் சில பக்கங்கள் திறக்கும், வங்கிப் பக்கம் மட்டும் திறக்காது. அத்துவைதிகளுக்கு ஒரே பெட்டி, அதுவும் சொந்தப் பெட்டி. இரண்டாவது இல்லை. இவர்களில் பலர் நள்ளிரவுக்கு மேல்தான் ஞானம் தேடுகிறார்கள். இவ்வாய்வின் தீர்ப்பு: வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் துவைதமே போதும்.

வெளிநாட்டு இலக்கியத்தில் இந்த விவகாரம் வெகு கௌரவமாக நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டெலிபோன் வாய்மேல் மாட்டும் ஒரு குவளை, பேச்சு அடுத்தவர் காதில் விழாமல் காப்பதற்கு, ‘ஹஷ்-அ-போன்’ என்ற பெயரில் விற்றது. குவளைகூடக் கூடாது என்று டெலிபோன் கம்பெனி வழக்காடி 1956இல் நீதிமன்றத்தில் தோற்றது. 1968இல் கார்ட்டர்போன் வழக்கில் எந்தத் தீங்கற்ற கருவியையும் மாட்டலாம் என்று தீர்ப்பு வந்தது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் சட்டமே சொல்லிவிட்டது: நிறுவனத்தின் வலை சுவரில் உள்ள துளையோடு முடிகிறது, அதற்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் இஷ்டம், நுழைவதற்கான விவரங்களை நிறுவனம் கொடுத்தே ஆகவேண்டும். இங்கே அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் பி.எஸ்.என்.எல். ஃபைபரில் வாடிக்கையாளரே ஓஎன்டி எனப்படும் இந்த வீட்டுப் பெட்டியை வாங்கிவந்து எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்வது சாதாரணம். சட்டம் போட்டு ஜெர்மன்காரர் பெற்றதை, பாகூர்க்காரர் கடையில் பில் போட்டுப் பெற்றுவிடுகிறார். கேபிள்காரர் போனை மட்டும் எடுக்க வேண்டும்.

அவர் தரப்பையும் பதிவு செய்வது ஆய்வு நெறி. மேல்நோக்கிப் பேசும் லேசர் ஒரு பெட்டியில் கோளாறாகி, முறை பார்க்காமல் எரிந்துகொண்டே இருந்தால் அந்தப் பிரிப்பானில் உள்ள அத்தனை வீட்டுக்கும் நெட் போகும். எந்த வீட்டுப் பெட்டி என்று கண்டுபிடிக்க வெயிலில் கம்பத்தில் ஏறி ஒவ்வொரு வாலாகப் பிடுங்கிப் பார்ப்பவர் அவர்தான். பெயர் தெரியாத மலிவுப் பெட்டியைக் கண்டு அவர் முகம் சுளிப்பதில் பொருளுண்டு. ஒளியின் வலு மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே இறங்கிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த ரூட்டரும் உதவாது என்பதும் அவருக்குத் தெரியும்; வீட்டுக்காரர் பெட்டியைத் திட்டும்போது குற்றவாளி பெரும்பாலும் கம்பத்தில் மடங்கிக் கிடக்கும் வயர், அல்லது அதைக் கடித்த அணில்.

மின்சாரத்தை விட்டுவிட்டால் ஆய்வு முழுமை பெறாது. பழைய டெலிபோனுக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் வந்தது. ஊரே இருட்டானாலும் மணி அடிக்கும். கண்ணாடியில் மின்சாரம் வராது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, பின்னோடு தென்பெண்ணை வெள்ளமும் பாகூர்ப் பக்கம் புகுந்த நாட்களில், சொந்தப் பெட்டியும் கம்பெனிப் பெட்டியும் ஒரே மாதிரி அணைந்து கிடந்தன. துவைதிகளுக்கு இங்கே ஒரு கூடுதல் செலவு: இரண்டு பெட்டி என்றால் மினி யுபிஎஸ்ஸும் இரண்டுக்கும் தாங்க வேண்டும். பெட்டி ஒன்றுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட். வாங்கும்முன் அடாப்டரைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஒரு செய்முறைக் குறிப்பு. புதுப் பெட்டிக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகாமல் அப்படியே வைத்து, பூட்டு முறையையும் பழையபடி டபிள்யூபிஏ2 என்றே விட்டுவிட்டால், டிவியும் போன்களும் வாசல் கேமராவும் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆட்சி மாறிய சேதி வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியவருவது, வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கேட்டுக் கேபிள்காரர் வாசலில் வந்து நிற்கும் அன்றைக்குத்தான். அதன் அடாப்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்ற தேடல் அப்போது தொடங்கும்.