பிரிண்டர் வந்த கதை

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். 110-வது காதலர்களுக்கு. 71-வது, ராஜாவிடம் வேலை பார்ப்பவர்களுக்கு. காதலில் குறிப்புத் தவறினால் தாடி வளர்க்கலாம். ஆபீசில் தவறினால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்.

குரூப் 4 எழுதி எங்கள் பிரிவுக்கு வந்த தம்பிக்கு 71-வது தலைகீழ்ப் பாடம். பரீட்சைக்குப் படித்தது. வந்த வேகத்தில் புது பிரிண்டர் வேண்டுமென்று மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்தார். மைச் செலவு, பேப்பர் சிக்கிய தேதிகள், எல்லாம் அட்டவணையோடு. குறை சொல்ல முடியாத குறிப்பு. சூப்பிரண்டு ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பிவிட்டார்.

தம்பி போய்ப் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். சூப்பிரண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். அதைக் கண்டால் நாங்களெல்லாம் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நழுவிவிடுவோம். தம்பி நாலாவது பக்கத்தை நீட்டினார்.

கடைசியில் அலுவலக உதவியாளர் அக்காதான் அவரை வராண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஊருக்கெல்லாம் டீ கொடுக்கிறவருக்குத் தெரியாத ரகசியம் ஏது? "ஏன் தம்பி, அந்த பிரிண்டரு யாரு வாங்குனதுன்னு நெனச்ச? சாரு ஸ்டோர்ஸ்ல இருந்தப்ப அவரே கொட்டேஷன் கேட்டு வாங்குனது. அதப் போயி மட்டமான சரக்குன்னு எழுதியிருக்கியே!"

போதாததற்கு, சீனியாரிட்டி தகராறில் சூப்பிரண்டும் கணக்குப் பிரிவு அம்மாவும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஒருவர் சரி என்றால் இன்னொருவர் கூடாது என்பார்.

அக்காவின் யோசனைப்படி மூன்று பக்கம் ஒன்றானது. 'மேற்படி பிரிண்டர் தன் ஆயுட்காலத்தையும் தாண்டிச் சிறப்பாக உழைத்துள்ளது' என்று ஒரு வரி சேர்ந்தது. பணி ஓய்வு விழாவில் சால்வை போர்த்துகிற தொனி. கோப்பு மார்ச் வரை பீரோவில் தூங்கியது. (அட்டவணை எழுதிய கைக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்று பக்கத்து மேஜைக்காரனான எனக்குத் தெரியும்.) மார்ச்சில் கோப்பு சூப்பிரண்டிடம் போனது. எப்படியும் அந்தம்மா பணமில்லை என்று திருப்பிவிடுவார் என்ற தெம்பில் அவர் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அந்தம்மாவோ, 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடுமே என்ற கவலையில் எதையாவது வாங்கத் துடித்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே ஒப்புதல்.

புது பிரிண்டர் வந்தது. சூப்பிரண்டு மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பழையதைத் தம்பியின் மேஜைக்கு நகர்த்தினார்கள்.