டம்ளரின் வாய்

1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாவதற்கு முன் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் இவ்வளவு கட்டடங்கள் கிடையாது. வேலூர் ரோட்டில் எங்கே நின்றாலும் மலை முழுசாகத் தெரியும். அந்த வருஷங்களில்தான் நான் படம் போடப் பழகினேன். எங்கள் டிராயிங் மாஸ்டர் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’ என்ற அரசுத் தேர்வுக்கு எங்களைத் தயார் செய்தார். ஸ்கேலைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் அச்சாக அதே வளைவு. “விரலால இழுக்காதடா, தோள்லேருந்து வரணும்” என்பார். கோடு தைரியமாக வந்தது அந்தப் பழக்கத்தால்தான்.

பிறகு சென்னை கவின்கலைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி வளர்ந்து நிற்கும் இடம். ஓவியர்கள் சில்பியும் ஆதிமூலமும் படித்தது அங்கேதான். சேர்ந்த புதிதில் வண்ணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மேசைமேல் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்து வரையச் சொன்னார்கள். வாயை முட்டை வடிவில் போட்டுவிட்டு அடியை நேர்கோடாக இழுக்கத்தான் புதிய கை போகும். உண்மையில் அடிப்பக்க வளைவு வாயைவிட இன்னும் உருண்டு இருக்கும், ஏனென்றால் அது கண்மட்டத்திலிருந்து கூடுதலாகக் கீழே இருக்கிறது. டம்ளரை மெல்லக் கண்ணுக்கு நேராகத் தூக்கினால் அந்த வாய் ஒடுங்கி ஒடுங்கி ஒரு கோடாகிவிடும். இதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை பார்த்த பாத்திரங்களையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது என் வீட்டு மாடிக்குப் படிக்க வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். போனில் ஒரு நடிகரின் படத்தைத் திறந்து, கட்டம் போட்டு, மயிரிழை பிசகாமல் ஷேடிங் செய்கிறார்கள். நாங்கள் பல மாதம் திண்டாடிய விஷயத்தை யூடியூபில் ஒரே மாலையில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அதே பிள்ளை முன்னால் அந்த டம்ளரை வைத்தால் கை நின்றுவிடுகிறது. காரணம் எளிது. போட்டோவில் கேமரா ஏற்கெனவே எல்லாவற்றையும் தட்டையாக்கிக் கொடுத்துவிட்டது. ஒற்றைக் கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலால் அளந்து, எது எதைவிட உயரம் என்று முடிவு செய்யும் வேலை அங்கே இல்லை. சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தது அந்த வேலைக்காகத்தான்.

அதனால் முதல் பாடங்களில் நான் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறேன். டம்ளர், வாளி, நாற்காலி. அதற்குப் பிறகே கோபுரம். எங்கள் ஊர்க் கோயிலின் 217 அடி ராஜகோபுரம் கட்டப்பட்ட விதத்திலேயே மேலே போகப் போகக் குறுகுகிறது, அண்ணாந்து பார்க்கும் நம் கண் அதை இன்னும் குறுக்குகிறது. இந்த இரண்டையும் பிரித்தறியக் கொஞ்சம் நாளாகும். நியூஸ்பிரிண்ட் தாள், 4பி பென்சில், ஒரு அட்டை போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் போய் மலையை வரைகிறோம். கிரிவலப் பாதையில் கொஞ்சம் நடந்ததும் அதன் உருவம் மாறிவிடுவதால் புதுத் தாள் எடுக்க வேண்டியிருக்கிறது.