ஒரு கிலோமீட்டர் யாத்திரை

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

ஜோகூர் பாருவிலுள்ள சகலை வீட்டில் மத்தியான விருந்துக்கு அழைத்திருந்தார்கள், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீபம் ஏற்றிவிட்டார்கள் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, தேசப்படத்தில் தங்கள் சுண்டுவிரல் நகம் இரண்டு ஊரையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது, நடுவில் அரைநாள் என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நடுவிலிருக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். பாலம் என்று பெயரே தவிர, அது தூண்களின் மேல் நிற்பதன்று. கடலில் கருங்கல்லைக் கொட்டி நிரப்பி, 1924-இல் வெள்ளைக்காரர்கள் திறந்துவைத்த கரை. தங்கள் முழங்கால் வலியோடுகூட அரைமணியில் நடந்துவிடலாம். ஆனால் தினந்தோறும் ஏறத்தாழ மூன்று லட்சம் ஜனங்கள் அதன்மேல் போகவர உத்தேசித்துப் புறப்பட்டுவிடுவதால், ஒருவர் உத்தேசமும் உரிய நேரத்தில் நிறைவேறுவதில்லை.

இதில் எனக்கு ஒரு சரித்திர சமாதானம் உண்டு. 1942 ஜனவரி 31-ஆம் தேதி பிரிட்டிஷ் சேனை பின்வாங்கி, தனக்குப் பின்னால் இந்தக் கரையை வெடிவைத்துப் பிளந்துவிட்டுப் போயிற்று. மலேயா முழுவதையும் புயலைப்போல் கடந்துவந்த ஜப்பானியரும் ஜோகூர்ப் பக்கத்தில் பிப்ரவரி 8 வரையில் தங்கிவிட்டுத்தான் படகுகளில் இக்கரை சேர்ந்தார்கள். பீரங்கி வைத்திருந்தவர்களுக்கே ஒரு வாரம் என்றால், பலகாரப் பொட்டலம் வைத்திருக்கும் எனக்கு அரைநாள் அதிகமா?

பஸ்ஸில் போகும் முறையைக் கேளுங்கள். 170-ஆம் எண் பஸ்ஸில் ஏறிச் சௌகரியமாக ஜன்னலோரம் உட்கார்ந்து, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் இறங்கி, மாடியேறி, பாஸ்போர்ட்டைக் காட்டி, மாடியிறங்கி, நாம் வந்த பஸ் நம்மை மறந்து போயே போய்விட்டதென்று அறிந்து, அதே எண்ணுள்ள வேறொரு பஸ்ஸுக்கு வரிசையில் நின்று, கரையைக் கடந்து, மறுபடியும் இறங்கி, மறுபடியும் மாடியேறி, மலேசிய அதிகாரிக்கு முகதரிசனம் அளித்த பிற்பாடே ஜோகூர் பாருவின் காற்று நம்மேல் படும். ஒவ்வொரு சாவடியிலும் பஸ் நிற்பதற்குமுன் ஜனங்கள் எழுந்து கதவண்டை நெருக்கியடிப்பதும், கதவு திறந்ததும் ஓடுவதும் காணத்தக்க காட்சி. சென்ற வாரம் ஊன்றுகோலோடு என் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டுவலியைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்த சீனப் பாட்டியம்மாள், கதவு திறந்தவுடன் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிய வேகத்தில் எனக்கு நாற்பது பேர் முன்னால் போய் நின்றாள். அங்கிருந்து என்னைப் பார்த்துக் கையும் அசைத்தாள்.

சிநேகிதரின் காரில் போனாலோ வேறுவிதமான சங்கடம். அக்கரையில் பெட்ரோல் மலிவு என்று எல்லோரும் அங்கே போய் நிரப்பிக்கொள்ளக் கூடாதென்பதற்காக, சிங்கப்பூர்க் கார் புறப்படும்போதே முக்கால் டாங்க் இருந்தாக வேண்டுமென்பது இந்நாட்டுச் சட்டம். சாவடிக்கு முன்னாலேயே வரிசை நத்தையாய் ஊர்வதால், சிநேகிதர் தம் மனைவி சொல்வது எதையும் காதில் வாங்காமல், பெட்ரோல் முள்ளையே ஏகாக்கிரசித்தராய்த் தியானித்துக்கொண்டிருப்பார். வெயில் தாளாமல் ஏ.சி.யைப் போடுவதா, அபராதத்துக்கு அஞ்சி அணைப்பதா என்று அவர்களுக்குள் நடக்கும் தர்க்கத்தில் நான் எந்தக் கட்சியிலும் சேருவதில்லை.

நான் பரிகாசமாக எழுதுவதெல்லாம் வாராந்தர விருந்தாளியின் பரிகாசம், மாமா. மெய்யாகவே வருந்துகிறவர்கள் ஜோகூரில் குடியிருந்து இங்கே தினமும் வேலைக்கு வருகிறவர்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறதென்பதால், கோழி கூவுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு வருகிறார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் அநேகர். எதிர்காற்று நெஞ்சில் அடிக்காதபடி ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, மழையில் நனைந்து, புகையைக் குடித்து வந்து, பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் அதே வரிசைக்குத் திரும்புகிறார்கள். 1965-இல் சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டு நாடாகப் பிரிந்து, 1967-இல் பாஸ்போர்ட் சோதனையும் வந்த பின்பு, இவர்களுக்கு அடுப்பு ஒரு தேசத்தில், அரிசிக்குப் பணம் இன்னொரு தேசத்தில்.

இப்போது ஜலசந்தியின் மேல் உயரமாக ஒரு ரயில்பாதை கட்டியிருக்கிறார்கள். ஐந்தே நிமிஷப் பிரயாணமாம். மணிக்குப் பதினாயிரம் பேரை ஒரு திசையில் கொண்டுபோகுமாம். இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடுமாம். தங்கள் மருமகளுக்குப் பரமானந்தம். எனக்குத்தான் கவலை: "பாலத்தில் ஒரே ஜாம்" என்ற ஒரு வாக்கியத்தைக்கொண்டே சகலை வீட்டு விசேஷங்களில் பாதிக்கு மேல் தப்பித்து வந்திருக்கிறேன்.

தாங்கள் வருவதானால் பள்ளி விடுமுறையையும் ஹரிராயாப் பண்டிகையையும் தவிர்த்து, வார நடுவில் அக்கரை போகும்படியாக நாள் பாருங்கள். செருப்பு, ஓட லாயக்காக இருக்கட்டும். மாமியிடம் சொல்லி அப்பளக் கட்டைப் பெட்டியின் மேலாகவே வைக்கச் சொல்லுங்கள். சாவடியில் திறந்து காட்டச் சொன்னால் வேட்டிகளையெல்லாம் உதறிக்கொண்டிருக்க வேண்டாம், பின்னால் நிற்பவர்கள் பொறுக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்