ரெண்டு கையையும் தூக்கு

கிளேபாங் கடற்கரையில் கோக்கனட் ஷேக் வாங்க வரிசையில் நின்றோம். கூட வந்த அடுத்த வீட்டுப் பொடியன், தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 2, மூச்சுவிடாமல் ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். கையில் கசங்கிய தாள். எட்டிப் பார்த்தேன். பாட்டு முழுக்கத் தமிழ் எழுத்தில், பென்சிலில்.

"இந்த வரிக்கு என்னய்யா அர்த்தம்?"

"அர்த்தம் இல்ல தாத்தா. அங்க ரெண்டு கையையும் தூக்கணும்."

பள்ளிக்குக் கல்வி இலாகாவிலிருந்து பெரியவர் வருகிறாராம். அதற்காக வாரக்கணக்கில் ஒத்திகை. மாலை, பொன்னாடை, வடை எல்லாம் தயார். ஆங்கிலம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

2011-இல் வந்த கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டம் 'மொழிக்கலை' என்று தனிப் பகுதி வைத்துத்தான் ஆங்கில வகுப்பில் பாட்டுக்கு இடம் கொடுத்தது. நல்ல காரியம், குறை சொன்னால் நாக்கு அழுகும். தமிழ்க் காது எழுத்துக்கு எழுத்து கணக்குக் கேட்கும். ஆங்கிலக்காரனோ பாதியை விழுங்கிவிட்டுத்தான் பேசுவான். எதை அழுத்துகிறான், எதை விழுங்குகிறான் என்பதைத் தாளம் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில ஆசிரியை கரோலின் கிரஹாம் 1978-இல் 'ஜாஸ் சாண்ட்ஸ்' புத்தகம் போட்டது அதற்காகத்தான். பாட்டை முதலில் கேட்க வேண்டும். பிடிபட்ட சொல்லை எழுத வேண்டும். நழுவியதற்காக மறுபடி கேட்க வேண்டும். தாள் கடைசியில்தான். இங்கே தாள்தான் முதலில் வருகிறது, அப்புறம் மனப்பாடம், அப்புறம் ஆட்டம். கேட்கிற வேலை யாருக்கும் இல்லை.

பையனுக்குக் காது மந்தமா? பள்ளி வேனில் மின்னல் எஃப்.எம்.மில் புதுப்பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும். சாயங்காலம் அவன் அம்மா தப்பாக முணுமுணுக்கும் சொல்லைத் திருத்துவான். அப்பேர்ப்பட்ட காதை அடைத்து வைக்க மாதச் சம்பளம், அதை மேற்பார்வை பார்க்கப் பயணப்படி!

2018-இல் பிரிட்டன் புத்தகம் 'சூப்பர் மைண்ட்ஸ்' ஆண்டு 1-க்கு வந்தது. பாட்டும் உண்டு, ஒலிப்பதிவும் உண்டு. வகுப்பு ஸ்பீக்கருக்குத்தான் வயர் இல்லை, கேட்டால் ஒதுக்கீடு இல்லை. பெரியவர் வரும் நாளில் மட்டும் பந்தல்காரரிடமிருந்து ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வந்து இறங்கும். அதற்கு எந்தக் கணக்கில் வெள்ளி வந்ததோ!

பெரியவர் கைதட்டுவார், படம் பிடிப்பார்கள். 'ஆங்கிலத்தில் அசத்திய மாணவர்கள்' என்று மறுநாள் வாட்சப்பில் சுற்றும்.

எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத்துக்கு 2021 முதல் கேட்டலுக்கெனத் தனித்தாள். படிவம் 5-இல் நம் பொடியனும் அதற்கு உட்காருவான். ஒலிப்பதிவு ஓடும். பழக்கதோஷத்தில் ரெண்டு கையையும் தூக்குவான்.

கழிப்பறைக்கா என்று கேட்பார், கண்காணிக்க வந்த ஆசிரியர்.