பாட்டியின் பாகசாஸ்திரம்

காலஞ்சென்ற பாட்டியார் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலே தம் கைப்பட எழுதிவைத்துப் போன மைசூர்பாகு விதியைக் குலதனமென்று குடும்பத்தார் யாவரும் பக்தியோடு போற்றி, யாருடைய பீரோவில் அது வாசம் செய்வது என்பதைப் பற்றி இரண்டு தலைமுறையாக வியாஜ்யமும் நடத்தி வருகிறார்களாயினும், அதைப் பார்த்து அடுப்பு மூட்டிய தைரியசாலி ஒருவரும் அவ்வம்சத்தில் தோன்றியதாகத் தெரியவில்லை. தோன்றினாலும் பிரயோஜனமில்லை. "கடலைமாவு ஓர் ஆழாக்கு, சர்க்கரை அதற்குத் தக்கபடி, நெய் மனசுபோல, பதம் வந்ததும் இறக்கவும்" என்பதே விதி முழுவதும். படியில் எட்டிலொன்றாகிய ஆழாக்கை 1956-ஆம் வருஷத்து அளவைச் சட்டம் வழியனுப்பி வைத்தது. பதமோ பாட்டியாரோடேயே பரலோகம் சேர்ந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-லேயே 'சமைத்துப் பார்' என்று அளவும் பக்குவமும் விவரமாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்; ஆனால் அச்சுப் புஸ்தகத்தில் பாட்டியின் நெய்க்கறை ஏது? (அக்கறையையும் சேர்த்தல்லவோ நோட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்!) தீபாவளிக்கு மைசூர்பாகு வழக்கம்போலக் கடையிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டிலும் இத்தகைய நோட்டு ஒன்று இருந்து, எழுதியவரும் ஈசுவர கிருபையால் சௌக்கியமாக இருப்பாராயின், பதம் வர எத்தனை நிமிஷமாகும் என்பதை இன்றைக்கே கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.